இறங்கி நடந்து போ

அத்தான் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கிளம்பினார் என்பது நான் நாகரிகமாகச் சொல்வது. வலது கையில் பாதி சுற்றிய கட்டும், முதுகில் நாடா வைத்த பச்சை கவுனுமாக, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து நடந்துவிட்டார் என்பதுதான் உண்மை. அவருடைய சட்டையையும் செருப்பையும் அள்ளிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

“அத்தான், நில்லுங்க. டாக்ஸி கூப்பிடறேன்.”

“வேணாம்.”

“செருப்பையாவது போட்டுக்குங்க.”

செருப்பைப் போட்டுக்கொண்டார். சட்டையை வாங்கவில்லை. அந்தக் கை எந்தச் சட்டைக்குள்ளும் நுழையாது. ஆஸ்பத்திரி வாசலையும் மருந்துக்கடை வரிசையையும் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்துவிட்டோம். அது அவருடைய சாலை. அங்கேதான் இத்தனை வருஷமாக ஊராருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார். எந்தத் திருப்பத்தில் யார் எந்தக் கம்பத்தை உரசினார்கள் என்று சொல்லிக்கொண்டே வருவார். அன்றைக்குத் தரையைப் பார்த்தபடி நடந்தார். கட்டின் நுனி அவிழ்ந்து முழங்கைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது.

சிக்னலில் நின்ற ஒரு காரிலிருந்து தலை ஒன்று எட்டிப் பார்த்தது. “சார்! என்ன சார், நாடகத்துல சேந்துட்டீங்களா?”

பழைய மாணவர் ஒருவர். வேறு நாளாக இருந்தால், “முதல்ல இன்டிகேட்டரைப் போடு, அப்புறம் வாயைத் திற” என்று கையோடு பதில் போயிருக்கும். அத்தான் கடைச் சுவர் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படித் திரும்பியதில் கவுனின் திறந்த பின்பக்கம் மொத்தச் சாலைக்கும் தெரிந்தது. நான் சட்டையை விரித்து அவர் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். ஒரே ஒரு கார் வைத்து டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அந்தக் காரில், ஓட்டுபவருடைய காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் இவர் மிதித்து நிறுத்திவிடுவார். அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ரெண்டாம் பிரேக்கு’. அது அவருக்கும் தெரியும். கொஞ்சம் பெருமையும்கூட. கால் அப்படியே பழகிவிட்டது. சோபாவில் உட்கார்ந்து டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்தாலும் வலது கால் தரையை அழுத்தும். “அந்த எடத்துல மட்டும் டைல்ஸ் மங்கிப் போயிருக்கு பாரு” என்பாள் அக்கா.

அவரிடம் ஒரு வாசகம் இருந்தது. யாராவது தயங்கினால், திணறினால், ஸ்டீயரிங்கை விட்டுக் கையை உதறினால், அதைச் சொல்வார்: “பயமா இருந்தா இறங்கி நடந்து போ.” பெரும்பாலும் விளையாட்டாகத்தான் சொல்வார். அக்கா புது அடுப்பைப் பற்றவைக்கத் தயங்கியபோதும் இதையே சொன்னார். “சமையலறைல எங்கேருந்து இறங்கறது?” என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

எனக்கும் சொல்லியிருக்கிறார். நான் முதன்முதலாக ஊரை விட்டுக் கிளம்பிய அன்று ரயில் நிலையத்துக்கு அவர்தான் கொண்டுவந்து விட்டார். பையைக் கட்டிக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தேன். கால் அசையவில்லை. அவர் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “பயமா இருந்தா இறங்கி நடந்து போ, வீடு அந்தப் பக்கம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கி ரயிலேறினேன். அதற்குப் பிறகு எத்தனையோ பஸ் நிலையங்களில், மொழி தெரியாத விடுதி வாசல்களில், அந்த வாசகத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூட வந்தவர்களுக்கு மொழிபெயர்த்தும் சொல்லியிருக்கிறேன். அது ஒரு நல்ல வாசகம் என்று நம்பியிருந்தேன்.

இந்த முறை நான் திரும்பி வந்து, அக்கா வீட்டு முன்னறையில் பையைப் பிரிக்காமலே கிடந்தபோதுதான் அவர் கை வெந்தது. பயிற்சிக் காரின் இன்ஜின் நடுவழியில் சூடாகி நின்றிருக்கிறது. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது என்பது அவர் நடத்தும் முதல் பாடங்களில் ஒன்று. அன்றைக்கு ஒரு மாணவருக்கு ஏதோ பழைய கதையைச் சொல்லிக்கொண்டே, ஒரு துணியைச் சுற்றித் தானே திறந்துவிட்டார். பீறிட்ட ஆவி விரல்களிலிருந்து முழங்கை வரை வேகவைத்துவிட்டது. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் “வெந்நீர் கொட்டிடுச்சு” என்றே சொன்னார். குளியலறையில் நடந்தது என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். அவரும் திருத்தவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். அக்கா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள், அவளுக்கு அடிக்கடி விடுப்புக் கிடைக்காது. “நீ சும்மாதானே இருக்கே, கால்ல சக்கரத்தைக் கழட்டி வெச்சுட்டு அவரைக் கூட்டிட்டுப் போடி” என்றாள். அப்படித்தான் கூடப் போகிற வேலை எனக்கு வந்தது.

கட்டு மாற்றுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒட்டிப்போன துணியை நனைத்து நனைத்து உரிப்பார்கள். பிறகு செத்த தோலை எடுத்து, விரல் இடுக்குகளைக் கழுவ வேண்டும். வலிக்கு ஊசி போட்டுவிட்டுத்தான் செய்வார்கள், அப்படியும் தாங்காது. நரைத்த மீசையோடு ஒரு டிரெஸ்ஸர் இருந்தார், பொறுமையான மனிதர். அவர் இடுக்கியை எடுத்ததுமே அத்தானின் கை தானாக மூடிக்கொள்ளும். “தளர விடுங்க சார்.” “விட்டுட்டேன்யா.” “விடலை சார்.” அத்தான் வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு அழுதார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

விரல் இடுக்கைச் சுத்தம் செய்யவே முடியவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்: “இப்படியே விட்டா விரலுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் மடக்க வராது. ஸ்டீயரிங், கியர் எல்லாத்தையும் மறந்துட வேண்டியதுதான். அடுத்த தடவை அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பாக்கலாம்.”

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அந்த அடுத்த தடவை.

கண்ணாடி என்று அவர்கள் சொன்னது வி.ஆர். கருவியை. கண்ணை முழுக்க மூடிக்கொள்ளும் ஒரு கறுப்புப் பெட்டி, தலையைச் சுற்றிப் பட்டை, காதுக்கு ஹெட்போன். முதலில் குழந்தைகள் வார்டுக்காக வாங்கியதாம். பட்டையில் யாரோ ஒரு குழந்தை ஒட்டிய முயல் படம் அப்படியே இருந்தது. அதைப் போட்டுவிடப் பழகிய நர்ஸ் ஒருத்தி இருந்தாள். இளம் பெண், முகத்தில் மாஸ்க். அத்தானுடைய குரலைக் கேட்டதும் அவள் கதவருகே ஒரு கணம் நின்றாள். எனக்கு அப்போது அது ஒன்றுமாகத் தோன்றவில்லை.

“என்னம்மா இது, சின்னப் பசங்க சாமானை எனக்கு மாட்டறீங்க?”

“பெரியவங்களும் போடறாங்க சார். கவனம் அந்தப் பக்கம் போச்சுன்னா வலி இந்தப் பக்கம் குறைவா தெரியும். கடலுக்கு அடியில போறீங்களா, மலைப்பாதையில வண்டியில போறீங்களா?”

“கடலா? எனக்கு நீச்சல் தெரியாது. ரோடு போடு. ரோடு எனக்குத் தெரியாததா?”

அங்கேதான் தப்பு நடந்தது.

அவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பக்கத்தில் ஒரு சிறிய திரையில் நாங்களும் பார்க்கலாம். திறந்த வண்டி ஒன்று, மரங்களுக்கு நடுவே தானாக இறங்கிக்கொண்டிருந்தது. மரங்களில் விளக்குகள் தொங்கின. எந்த விளக்கை உற்றுப் பார்க்கிறோமோ அது எரியும். அதில் மனத்தைச் செலுத்தினால் போதும் என்பது கணக்கு. குழந்தைகள் விளக்கைத்தான் பார்ப்பார்களாம். அத்தான் ஒரு விளக்கையும் பார்க்கவில்லை. அவர் சாலையைப் பார்த்தார். அந்த வண்டிக்கு ஸ்டீயரிங் இல்லை, டிரைவர் இல்லை, பிரேக் இல்லை.

முதல் வளைவில் அவர் வலது கால் காற்றை மிதித்தது. அடுத்த வளைவில் டிராலியின் கீழ்த்தட்டை உதைத்தது. எஃகுக் கிண்ணம் ஒன்று உருண்டு சுவர் வரைக்கும் போனது. “பிரேக்கு! பிரேக்கு!” என்று கத்த ஆரம்பித்தார். காதில் ஹெட்போன் இருந்தால் தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று தனக்கே தெரியாது. அவர் முணுமுணுப்பதாக நினைத்திருக்கிறார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் காலில் கட்டோடு படுத்திருந்தவர்கூட எட்டிப் பார்த்தார். நர்ஸ் தலையை நிமிர்த்தாமல் அவர் கையைச் சுத்தம் செய்து கட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு பெரிய வளைவு வந்தது. பக்கத்தில் பாதாளம். அத்தான் தொண்டை கிழிய அலறினார்:

“நிறுத்து! நிறுத்துடா! பயமா இருக்கு! நான் இறங்கி நடந்து போறேன்!”

நர்ஸ் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல், தோள் குலுங்க, மாஸ்க் மூக்கைவிட்டு நழுவி இறங்க, அப்படி ஒரு சிரிப்பு. டிரெஸ்ஸர் சிரித்தார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்தார். நானும்தான். கையைப் பிடித்திருந்தவள் குலுங்கியதும் அத்தானுக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும். இடது கையால் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தார். எதிரே அந்தப் பெண்ணின் முகம், மாஸ்க் இல்லாமல்.

“நீயா?” என்றார். அவ்வளவுதான்.

அவள் அவசரமாக மாஸ்கை மேலே இழுத்துக்கொண்டு, “சார், கட்டு இன்னும் முடியலை” என்றாள். அவர் ஏற்கெனவே கதவைத் தாண்டியிருந்தார். தன் வாயால் சொன்னபடியே இறங்கி நடந்தார்.

வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. “தெரிஞ்ச பொண்ணு” என்றதோடு சரி. இனி அந்த ஆஸ்பத்திரி வேண்டாம், தெருமுனைக் கிளினிக்கில் கட்டிக்கொள்கிறேன் என்றார். அங்கே மேலாகத் துடைத்துப் புதுத் துணி சுற்றி அனுப்பினார்கள். இடுக்கை யாரும் தொடவில்லை.

அக்கா விடவில்லை. “எங்க டாக்டர்கிட்ட பல்லு பிடுங்க வர்ற ஆறு வயசுப் பிள்ளைகூட அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுது. ஊருக்கே தைரியம் சொல்ற ஆளு, கவுனோட ஓடி வந்திருக்கீங்க.”

“ஓடலை. நடந்தேன்.”

“ஆமா, அது ஒரு பெருமை.”

பேசுகிற மனிதர் பேசாமல் இருப்பது வீட்டுக்குள் ஒரு மேசையை இடம் மாற்றிப் போட்டதுபோல் இருந்தது, எந்நேரமும் அதில் இடித்துக்கொண்டோம். விரல்கள் விறைத்துக்கொண்டு வந்தன. கட்டுக்கு வெளியே தெரிந்த நுனிகளை அசைத்துப் பார்ப்பார், யாராவது வந்தால் கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். ஒருநாள் காலை கார்ச் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்து மூட முயன்றதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். சாவி கீழே விழுந்தது.

கவுனைத் திருப்பித் தரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. துவைத்து இஸ்திரி போட்டு நான்தான் எடுத்துப் போனேன். மதிய இடைவேளை. அந்த நர்ஸ் குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்துப் பெஞ்சில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“அவர் கை எப்படி இருக்கு?”

“நல்லா இல்ல.”

“எல்லாம் என்னாலதான். வலியில இருக்கிற ஆளைப் பார்த்துச் சிரிச்சுட்டேன். இந்த வேலைக்கு வந்ததுலேருந்து அப்படிச் சிரிச்சதில்ல. டிரெஸ்ஸர் மாமா சிரிச்சது வேற, அவருக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும்.” ரொட்டியை மடித்துப் பைக்குள் வைத்தாள். “நான் சார்கிட்ட கார் கத்துக்கிட்டேன். பாதி கத்துக்கிட்டேன்.”

உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். பாலத்து ஏற்றத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்று எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டதாம். அவள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கத்திவிட்டாள். அவர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, வழக்கமான வாசகத்தைச் சொன்னார்.

“விளையாட்டுக்குச் சொல்றார்னுதான் நினைச்சேன். அவரே என் பக்கம் கையை நீட்டிக் கதவைத் திறந்து விட்டாரு. பின்னாடி வரிசையா வண்டிங்க, ஒரே ஹார்னு. எல்லாரும் பாக்கறாங்க. இறங்கிட்டேன். சார் இந்தப் பக்கம் மாறி உக்காந்து வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு. அந்தப் பாலத்துல நடைபாதையே கிடையாது. கைப்பிடிச் சுவரை ஒட்டியே வந்தேன். ஒவ்வொரு வண்டியும் வேகத்தைக் குறைச்சு ஒரு பார்வை பார்த்துட்டுப் போச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? பஸ்தான். ரெண்டு பஸ் மாறி வர்றேன்.” பிறகு வேறு குரலில் சொன்னாள்: “ஒண்ணு கவனிச்சீங்களா? அன்னிக்கு சார் கத்தினது பூரா வளைவுக்குத்தான். கைக்காக ஒரு தடவைகூடக் கத்தல. அவர் கத்தி முடிக்கறதுக்குள்ள நான் எல்லா விரல் இடுக்கையும் சுத்தம் பண்ணிட்டேன். கண்ணாடி அவருக்கு நல்லா கேக்குது. கூட்டிட்டு வாங்க. நான் வேணும்னா வேற ரூம்ல இருந்துக்கறேன். என்னால அவர் விரல் போச்சுன்னு இருக்கக் கூடாது.”

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். அத்தான் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

“மழை பேஞ்சுதுன்னு சொன்னாளா?”

“இல்லையே.”

“பேஞ்சுது.” காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வண்டிக் கண்ணாடியில பின்னாடி பார்த்துக்கிட்டேதான் போனேன். கையில குடை இல்ல. பையைத் தலைக்கு மேல வெச்சுக்கிட்டா. பாலம் இறங்கினதும் வண்டியைத் திருப்பலாம்னு தோணுச்சு. திருப்பினா என் பேச்சுக்கு மரியாதை இருக்காதுன்னு திருப்பல.”

அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். “ஒரு பொண்ணு பாதியில நின்னுட்டா, பொறுப்பே இல்லைன்னு சொன்னீங்களே. அது இவதானா?”

அவர் தலையை ஆட்டினார். அக்கா கிண்டலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உள்ளே போனாள். அதற்கு அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

அன்று முன்னறையில் படுத்துக்கொண்டு அந்த வாசகத்தை நான் யாருக்கெல்லாம் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். சொல்லிவிட்டு நான் சிரித்தது நினைவிருந்தது. கேட்டவர்கள் சிரித்தார்களா என்பது நினைவில் இல்லை.

மறுநாள் காலை அத்தானே வந்து என் பையை உதைத்தார். “ஏய் ஊர்சுத்தி, எழுந்திரு. அந்தப் பொண்ணு இருக்கிற நாளாக் கேட்டுக் கூட்டிட்டுப் போ. வேற ரூம்ல இருக்க வேணாம்னு சொல்லு.”

டாக்ஸியில் முழுக்க ஒத்திகை. “எப்படி ஆரம்பிக்கறது? சிஸ்டர்னு சொல்லவா, இல்ல, வெறுமனே அம்மான்னு சொல்லவா?”

“அம்மான்னே சொல்லுங்க.”

“மன்னிச்சுக்கோம்மான்னா, மன்னிச்சுடும்மான்னா, எது மரியாதை?”

“ரெண்டும் ஒண்ணுதான் அத்தான்.”

“உனக்கு என்ன தெரியும்? நீ யார்கிட்ட கேட்டிருக்கே?”

அவள் எதிரில் போய் நின்றதும் அவர் சொன்னது இதுதான்: “இன்னிக்கு ரோடு காலியா இருந்துச்சு.”

“அப்படியா சார்,” என்றாள் அவள். “கடலைப் போடட்டுமா? அங்க மேடு பள்ளம் இருக்காது.”

“வேணாம். ரோடே போடு.”

அவள் வெளியே போய் சலைன் பாட்டில்கள் நிறைந்த ஓர் அட்டைப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கனமான பெட்டி. அதைச் சுவரோடு முட்டுக்கொடுத்து, அவர் வலது கால் சரியாகப் படும்படி வைத்தாள்.

“இது உங்க பிரேக்கு சார். தாராளமா மிதிங்க.”

“உனக்கு எப்படிம்மா…”

“அந்தக் காலை எனக்குத் தெரியும் சார். நான் கிளட்சை விடறதுக்கு முன்னாடியே அது மிதிச்சிடும்.”

அத்தானின் காது நுனி சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டிவிட்டாள். முயல் படம் அவர் பிடரியில் உட்கார்ந்தது.

வண்டி இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவுக்கும் கால் பெட்டியை மிதித்தது, பெட்டி நின்ற இடத்தில் நின்றது. அவர் தோள் மெல்லக் கீழே இறங்கியது. கை அவள் கையில் திறந்து கிடந்தது. திரையில் இரண்டொரு விளக்குகள் எரிவதைக்கூடப் பார்த்தேன். அந்தப் பெரிய வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் பேச ஆரம்பித்தார். தனக்குள் சொல்லிப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார். தன் குரல் தனக்குக் கேட்கவில்லை என்பதால் யாருக்கும் கேட்காது என்று, முகத்தைப் பொத்திக்கொண்டு ஒளிந்து விளையாடும் குழந்தைபோல.

வார்டு முழுக்க அதிர்ந்தது.

“அம்மா, நேர்ல சொல்ல எனக்கு வாய் வரலை! மழையில உன்னைப் பாலத்துல இறக்கி விட்டேன்! நீ பையைத் தலையில வெச்சுக்கிட்டு வந்ததைக் கண்ணாடியில பார்த்துக்கிட்டே போனேன்! உன்மேல ஒரு தப்பும் இல்ல! ஏத்தத்துல எல்லாருக்கும்தான் உருளும், எனக்கும் உருண்டிருக்கு! மன்னிச்சுக்கோம்மா! மன்னிச்சுடும்மா!”

இரண்டையும் சொல்லிவிட்டார்.

டிரெஸ்ஸர் கத்திரியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் படுக்கை கிறீச்சிட்டது. யாரும் சிரிக்கவில்லை. நர்ஸின் இடுக்கி அவர் சுண்டுவிரலுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. குனிந்திருந்தாள், மாஸ்க் வேறு. எனக்கு அவள் முகம் தெரியவில்லை, கையைத்தான் பார்த்தேன். பிறகு கை மறுபடி அசைந்தது. முன்னைவிட மெதுவாக, சுண்டுவிரல் இடுக்கைக் கழுவி முடித்தது.

கண்ணாடியைக் கழற்றியதும் அத்தான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். “முடிஞ்சுதா? நான் ஏதாவது உளறினேனா?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டிக்கொண்டே, “இல்ல சார். இன்னிக்கு ரொம்ப அமைதியா இருந்தீங்க” என்றாள். டிரெஸ்ஸர் ஆமாம் என்று தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

திரும்பி வரும்போது டாக்ஸியில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “இன்னிக்கும் சொல்லலை பாரு. வாய்க்குள்ளேயே முணுமுணுத்துட்டு வந்துட்டேன். கோழைப்பய.” சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் மூடிவைத்ததைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு முறையும் சொல்வதற்காகவே போவார், சொல்லாமல் வருவார். கை தேறியது. பிறகு விரல்களுக்குப் பயிற்சி. சுண்டுவிரலைத் தவிர மற்றவை மடங்கின. என் மூலமாகவே அவளுக்குத் தூது அனுப்பினார், விருப்பமிருந்தால் மறுபடி வரட்டும், முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கிறேன் என்று. அவள் சிரித்துக்கொண்டே, “எனக்கு பஸ்லதாங்க நல்லா தூக்கம் வருது, அதைக் கெடுக்க வேணாம்னு சொல்லுங்க” என்றாள். அதை அவரிடம் சொன்னபோது, “சரிதான், நியாயம்தான்” என்று எழுந்து போய் முகம் கழுவினார்.

மறுபடி காரில் உட்கார்ந்தார். வாசகத்தை விட்டுவிட்டார். வண்டி அணைந்தாலும் உருண்டாலும் ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாராம். “சார் திட்டினாக்கூடப் பரவாயில்லைக்கா, பேசாம இருந்தாத்தான் பயமா இருக்கு” என்று ஒரு மாணவி அக்காவிடம் வந்து முறையிட்டாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பினேன். ரயில் நிலையத்துக்கு அவர்தான் வந்து விட்டார். நான் இறங்கத் தயங்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. கட்டில்லாத அந்தக் கையை ஸ்டீயரிங்குக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு வெகுகாலம் கழித்து, ஒரு படகுத்துறையில் ஈரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. காரில் தனியாக இருந்து பேசுகிறார் என்று தெரிந்தது. இன்டிகேட்டர் அணைக்கப்படாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

“ஏய் ஊர்சுத்தி, எங்க இருக்கே? அக்கா நல்லா இருக்கா. இன்னிக்கு சுண்டுவிரலைக் காட்ட ஆஸ்பத்திரி போயிருந்தேன். லிஃப்டுல ஒருத்தர் என்னையே பார்த்துக்கிட்டு நின்னாரு. திரைக்கு அந்தப் பக்கம் கால்ல கட்டோட படுத்திருந்தவராம். ‘நீங்கதானே சார் அன்னிக்கு வார்டுக்கே கேக்கற மாதிரி மன்னிப்புக் கேட்டவரு’ன்னாரு. லிஃப்டு நிறைய ஆளுங்க. எனக்கு எந்த மாடியில இறங்கறதுன்னே தெரியலை. அப்ப அவ கேட்டிருக்கா. நீயும் கேட்டிருக்கே. எல்லாருமாச் சேந்துக்கிட்டு, அமைதியா இருந்தேன்னு சொல்லிட்டீங்க… சரி, உன்னைத் திட்டறதுக்குப் பேசலை. வெக்கமாத்தான் இருக்கு. இன்னும் வண்டியை எடுக்கலை, ஆஸ்பத்திரி வாசல்லதான் உக்காந்திருக்கேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா, கத்தினதும் நல்லதாப் போச்சு. நான் நினைச்சபடி முணுமுணுத்திருந்தா அவ காதுல விழுந்தே இருக்காது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. நான்தான் கண்ணாடி போட்டிருந்தேன், எனக்குத் தெரியலை. அப்ப அவ முகம் எப்படி இருந்துச்சு?”